சைலன்சர் லைனுக்கு கிளாம்ப், பிளேஞ்ச் எப்படிப் பாத்து எடுக்கறது: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

காருக்கு சொந்தமா சைலன்சர் லைன் கட்டணும்னு கிளம்பறவங்க பைப் எத்தன இன்ச்சு, மஃப்ளர் (சத்தத்த அடக்கற டப்பா) எது, சத்தம் எப்படி வரும்னுதான் மொதல்ல கேக்கறாங்க, ரெண்டு பைப் சேர்ற எடத்துல என்னத்தப் போட்டு சேக்கறதுன்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி. ஆனா பின்னாடி வர்ற தொல்லையெல்லாம் பெரும்பாலும் அந்த ஜாயின்ட்லதான் வருது. கேஸ் லீக்காகி டிக் டிக்னு சத்தம், மைலேஜ் குறையறது, வண்டிக்குள்ள பொகை நாத்தம், ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் நட்டு துருப்புடிச்சு ஸ்பேனர் போட்டா தலை உருண்டு கடைசில கிரைண்டர் வெச்சு அறுக்கறது, எல்லாமே அங்கதான். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவுல, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைன்னு இந்த எல்லைப் பக்கம் வண்டி ஓட்டறவங்களுக்கு இது இன்னும் முக்கியங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவமழை நேரா உள்ள நொழையற ஊரு இது, ஈரம் மாசக்கணக்குல அடிவயித்துல ஒட்டிட்டே இருக்கும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கிளாம்ப்னா பைப்பச் சுத்திக் கவ்வி இறுக்கறது, பிளேஞ்ச்னா பைப் முனையில வெல்டு வெச்சு ஒண்ணோட ஒண்ணு சேக்கற தகடு. எல்லா ஜாயின்ட்டுக்கும் ஒரே கிளாம்ப் போடக்கூடாது. அந்த ஜாயின்ட் எங்க இருக்கு, எவ்வளவு சூடாகும், ஆடுமா, பின்னாடி கழட்ட வேண்டி வருமா, இந்த நாலையும் பாத்துட்டுத்தான் கிளாம்ப்பா பிளேஞ்சா, எந்த வகைன்னு முடிவு பண்ணணும்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்ன சட்டத்த ஒரு தடவ பாத்துருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த ஸ்பெசிபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில கேரளாவுல இருந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. சத்தம், பொகை அளவு மீறுனா 190ஆவது பிரிவுல மொதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் அபராதமோ, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ வரும், லைசென்ஸும் மூணு மாசத்துக்குப் போகும். வாளையார் தாண்டுனா கேரளா மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. அதனால ரோட்டுல ஓடற வண்டின்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர (பொகையில இருக்கற விஷ வாயுவக் கொறைக்கற பாகம்) எடுக்காதீங்க, சத்தத்த ஏத்தாதீங்க, துருப்புடிச்சுப்போன லைனுக்கு பதிலா நல்ல பைப்பும் நல்ல ஜாயின்ட்டும் போட்டு அதே அமைதியோட கட்டறதுன்னு வெச்சுக்கோங்க. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்குல மட்டும் ஓட்டற வண்டின்னா அது வேற கணக்கு. ஜாயின்ட் பத்தின பாடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

மொதல்ல ஒரு பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க

வண்டிய ரேம்ப்ல ஏத்துங்க, இல்ல ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்ட் வெச்சு நிறுத்துங்க. வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்கவே படுக்காதீங்க, இதுல யாரு என்ன சமாதானம் சொன்னாலும் கேக்காதீங்க. அடியில படுத்து மெனிபோல்டுல (இன்ஜின்லேர்ந்து பொகை வெளிய வர்ற மொதல் குழாய்) ஆரம்பிச்சு டெயில் பைப் வரைக்கும் லைன் எப்படிப் போகுதுன்னு பாத்து பேப்பர்ல ஒரு கோடு இழுங்க. பைப்பத் தொங்க விட்டுத் தாங்கற ரப்பர் ஹேங்கர் எங்க இருக்கு, எங்க ஆக்ஸில் மேல ஏறி எறங்குது, எங்க பெட்ரோல் டேங்க் பக்கத்துல போகுது, ஆக்சிஜன் சென்சார் எந்த எடத்துல, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க.

அப்பறம் அந்தக் கோட்டுல ஜாயின்ட் எங்கெங்க வேணும்னு புள்ளி வைங்க. புதுசா செய்யறவங்க ரெண்டு பக்கமா போறாங்க. ஒண்ணு, ஜாயின்ட்டே வேணாம்னு மொத்தமா வெல்டு அடிச்சுடறாங்க, அப்பறம் கியர் பாக்ஸ எறக்கணும்னா மொத்த லைனையும் அறுக்கணும். இல்லன்னா அடிக்கு ஒரு ஜாயின்ட் வெச்சு அடிக்கு ஒரு லீக்க வாங்கிக்கறாங்க. சாதாரண ஹேட்ச்பேக்குக்கு மூணு இல்ல நாலு ஜாயின்ட் போதும்: மெனிபோல்டுக்கு அடுத்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அடுத்து, பின்னாடி ஆக்ஸிலுக்கு முன்ன, மஃப்ளர் கிட்ட. ஆக்ஸில் மேல வளைஞ்சு போற பைப்ப ஒரே துண்டா கட்டிட்டா அத வெளிய உருவவே முடியாது, அதனால ஆக்ஸிலுக்கு முன்னாடியோ பின்னாடியோ கண்டிப்பா ஒண்ணு வேணும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல நாலு விஷயம் எழுதுங்க: சூடு, ஆட்டம், கழட்டறது, கை போற எடம். பெட்ரோல் வண்டில மெனிபோல்டுகிட்ட ஃபுல் லோடுல கேஸ் சூடு 800, 900 டிகிரி வரைக்கும் போகும், டீசல்ல அதவிடக் கம்மி, பின்னால போகப் போக கொறைஞ்சு மஃப்ளர் கிட்ட வர்றப்ப அதுல பாதிகூட இருக்காது. முன்னாடி தாங்காத ஒரு கிளாம்ப் பின்னாடி வருசக்கணக்குல நிக்கும்.

பைப் அளவு, இதுலதான் முக்காவாசிப் பேரு ஏமாறறது

கிளாம்ப்பும் பிளேஞ்சும் பைப்போட வெளி விட்டத்துக்குத்தான் கொடுப்பாங்க, அதாவது ஓடி. 1¾ இன்ச்சுன்னா 44.45 மி.மீ., 2 இன்ச்சுன்னா 50.8, 2¼ன்னா 57.15, 2½ன்னா 63.5, 3 இன்ச்சு 76.2. இது சைலன்சருக்கு விக்கற டியூப் கணக்கு. ஆனா ஹார்டுவேர் கடையில போயி ரெண்டு இன்ச்சு பைப்புன்னு கேட்டா தண்ணி லைனுக்குப் போடற என்பி கணக்குப் பைப்பத் தூக்கிக் குடுத்துருவாங்க, அதோட வெளி விட்டம் 60.3 மி.மீ., ஒன்றரை இன்ச்சு என்பின்னா 48.3. இதுக்கு எந்த சைலன்சர் கிளாம்ப்பும் ஒழுங்கா உக்காராது. கடைக்காரர் பேர்ல தப்பில்லைங்க, அவருக்கு ரெண்டு இன்ச்சுன்னா அதுதான், நாமதான் "அண்ணா, ஓடி அம்பது புள்ளி எட்டு" அப்படின்னு தெளிவாக் கேக்கணும். ஜிஐ பைப் எடுத்துட்டு வந்துராதீங்க, அதுல இருக்கற துத்தநாகப் பூச்சு 419 டிகிரில உருகிரும், வெல்டு வைக்கறப்ப வர்ற அந்த வெள்ளைப் பொகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்.

விட்டம் அளக்கற வெர்னியர் காலிப்பர் இருந்தா நல்லது, இல்லன்னா ஒரு நூல எடுத்து பைப்பச் சுத்தி ஒரு சுத்து சுத்தி, நூல நீட்டி ஸ்கேல்ல வெச்சு வர்ற அளவ 3.14ஆல வகுங்க. 160 மி.மீ. வந்தா 50.9, ஆக அது ரெண்டு இன்ச்சு டியூப். பழைய பைப்புன்னா துருவைத் தேச்சுட்டு அளங்க, முட்டை மாதிரி நசுங்கி இருக்கான்னும் ரெண்டு தெசையில பாருங்க, வட்டமா இல்லாத பைப்ல எந்த பேண்ட் கிளாம்ப்பும் சீல் ஆகாது.

இன்னொண்ணு. ஒரு பைப்புக்குள்ள இன்னொரு பைப்ப நொழைக்கற ஸ்லிப் ஜாயின்ட்டுக்கு, 2 இன்ச்ச 2¼ க்குள்ள விட்டாச் சரியாப் போச்சுன்னு நெனைக்கறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 16 கேஜ் பைப்புன்னா சுவர் 1.6 மி.மீ., 57.15ல ரெண்டு பக்கமும் சேத்து 3.2 போனா உள்விட்டம் கிட்டத்தட்ட 54, உள்ள போறது 50.8. 3 மி.மீ. இடைவெளி. அத எந்தக் கிளாம்ப்பப் போட்டு நசுக்குனாலும் ஒருபக்கம் லீக் இருக்கத்தான் செய்யும். ஒரே அளவு பைப்ப எடுத்து ஒரு முனைய எக்ஸ்பேண்டர்ல விரிச்சு, மத்த பைப் கையால அழுத்தித் திருகி ஏத்தற அளவுக்கு டைட்டா இருக்கணும். எக்ஸ்பேண்டர் இல்லாத பட்டறைன்னா லேத்துல ஒரு ஸ்லீவ் கடைஞ்சு வாங்கி வெல்டு வெச்சுக்கலாம், கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம்.

பைப் என்ன ஸ்டீலோ அதே ஜாதி பிளேஞ்ச்

எம்எஸ் (சாதா மைல்டு ஸ்டீல்), அலுமினியம் பூசின எம்எஸ், 409 எஸ்எஸ், 304 எஸ்எஸ் (ரெண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), இந்த நாலுதான் பொதுவா கெடைக்கும். காந்தம் வெச்சுப் பாருங்க, 409 நல்லா ஒட்டும், 304 ஒட்டாது, வளைச்ச எடத்துல மட்டும் லேசா இழுக்கும். 304 துருப்புடிக்கறது ரொம்பக் கம்மி, ஆனா சூட்டுல நெறைய நீளும். ஒரு மீட்டர் 304 பைப் 400 டிகிரி ஏறுனா 7 மி.மீ. பக்கம் நீளும், எம்எஸ் பைப் 5 மி.மீ. பக்கம். ஹேங்கர் ரப்பர் இல்லாம ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிச்சுக் கட்டுனா இந்த நீட்டம் போறதுக்கு எடமில்லாம வெல்டுலயும் பிளேஞ்ச்லயும் வந்து முட்டும், அங்கதான் கிராக் விழும்.

304 பைப்ல எம்எஸ் பிளேஞ்ச் வைக்கறது செலவக் கொறைக்கும், நெறையப் பேரு செய்யறாங்க, முடியாத வேலையும் இல்ல, 309எல் ராடு போட்டு டிக் வெல்டு (ஆர்கான் வாயு விட்டு அடிக்கற வெல்டு) வைக்கணும். ஆனா நம்ம ஈரத்துக்கு அந்த எம்எஸ் பிளேஞ்ச் மட்டும் தனியாத் துருப்புடிச்சு செதில் செதிலா உதிரும், சீல் ஆகற முகமே போயிரும். காசு இருந்தா 304க்கு 304, இல்லன்னா மொத்தமா எம்எஸ், இது என் கருத்து.

கிளாம்ப் வகைங்க

யூ போல்ட் கிளாம்ப் எல்லாருக்கும் தெரிஞ்சது, விலை கம்மி, எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் கெடைக்கும். இறுக்க இறுக்க பைப்ப நெளிச்சுக் கடிச்சுப் பிடிக்கும். பிடிமானம் நல்லா இருக்கும், ஆனா வெளிப் பைப்பும் உள் பைப்பும் சேந்து நெளிஞ்சு பூட்டிக்கும், பின்னாடி கழட்டறது பெரும்பாடு, வேற வகைக் கிளாம்ப்ப அந்த நெளிஞ்ச எடத்துல போடவும் முடியாது. அதனால இத மஃப்ளருக்குப் பின்னாடி டெயில் பைப், அவசரத்துக்கு ஒட்டுப்போடறது, இந்த மாதிரி எடத்துல மட்டும் வைங்க. யூ போல்ட் போட்டா சேடில (நட்டு இறுகற அந்தத் தாங்கு துண்ட) கீழ தொங்க விடாம பக்கவாட்டுல திருப்பி மாட்டுங்க, போல்ட்டு முனை தரைய நோக்கி நீட்டிட்டு இருந்தா ஸ்பீடு பிரேக்கர்ல மொதல்ல அதுதான் இடிக்கும்.

பேண்ட் கிளாம்ப்னா அகலமான ஸ்டீல் பட்டை, பைப்ப நசுக்காம சுத்திலும் ஒரே மாதிரி அழுத்தும். இதுல ரெண்டு இருக்கு, கடையில கலந்து கட்டி வெச்சிருப்பாங்க, பாத்து வாங்கணும். ஒண்ணு ஸ்லிப் ஜாயின்ட்டுக்கு, உள்ளுக்குள்ள ஒரு படி இருக்கும், விரிச்ச பைப் ஒரு பக்கம், சின்ன பைப் மறுபக்கம் உக்காரும். இன்னொண்ணு நேருக்கு நேர் முட்ட வைக்கற பட் ஜாயின்ட்டுக்கு, படி இல்லாம நேரா இருக்கும், உள்ள ஒரு ஸ்லீவ் இருக்கும். ஸ்லிப்புக்கு வாங்குனத பட்டுக்குப் போட்டா ஒரு பக்கம் லூஸாத்தான் நிக்கும். வெல்டு வைக்க வசதியில்லாம வீட்டு வாசல்ல வெச்சு கட்டறவங்களுக்கு பேண்ட் கிளாம்ப்தான் நல்ல வழி, ஒழுங்காப் போட்டா கழட்டி மாட்டலாம். ஒரு தடவ முழுசா இறுக்குன பட்டை பைப்போட வடிவத்துக்கு மாறியிருக்கும், அத வேற எடத்துல மறுபடி போட்டா முன்ன மாதிரி சீல் ஆகும்னு எதிர்பாக்க முடியாது.

தண்ணி ஹோஸுக்குப் போடற, ஸ்க்ரூவத் திருகி பட்டையோட பல்லுல இறுக்கற வார்ம் டிரைவ் கிளாம்ப்ப சைலன்சர்ல போடவே போடாதீங்க. சூட்டுல பல்லு தளந்துரும்.

வி பேண்டுதான் எல்லாரும் ஆசப்படறது. ரெண்டு மெல்லிசான வட்ட பிளேஞ்ச், ரெண்டையும் சேத்துக் கவ்வற வி வடிவக் கிளாம்ப், ஒரே ஒரு டி போல்ட். கேஸ்கெட் (நடுவுல வைக்கற பேக்கிங்) கெடையாது, ஸ்டீலுக்கு ஸ்டீல் சீல் ஆகும். எடம் ரொம்பக் கம்மியா எடுக்கும், ஒரு நட்ட லூஸ் பண்ணா கழண்டுரும், கிளாம்ப் லூஸா இருக்கறப்ப பைப்ப எந்தக் கோணத்துக்கும் திருப்பி வெச்சுப் பாத்துட்டு இறுக்கலாம். டர்போ வண்டில டவுன் பைப்புக்கு (டர்போலேர்ந்து எறங்கற மொதல் பைப்) இதுக்கு மேல ஒண்ணு இல்ல. வாங்கறப்ப மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஒரு பிளேஞ்ச்ல மேடும் இன்னொண்ணுல பள்ளமும் இருக்கற ஜோடியா எடுங்க, தானா மையத்துல உக்காரும், ரெண்டும் தட்டையா இருக்கறதுல பிளேஞ்ச் நகர்ந்துட்டா உள்ள ஒரு திட்டு நிக்கும். ரெண்டாவது, கிளாம்ப்பும் பிளேஞ்சும் ஒரே கம்பெனி செட்டா எடுங்க, 2½ இன்ச்சுன்னு போட்டிருந்தாலும் பிளேஞ்சோட வெளி விளிம்பு அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூணாவது, கையால படக்குனு திறக்கற லீவர் வெச்ச மாடல டர்போ பக்கத்துல போடாதீங்க, பின்பக்கத்துக்கு சரி.

ஆனா வி பேண்ட் மன்னிக்காது. பிளேஞ்ச் வெல்டு சூட்டுல ஒரு துளி வளைஞ்சாலும் லீக்தான், கேஸ்கெட் இல்லாததால அத மறைக்க வழியே இல்ல. கை தேறாத வெல்டர்கிட்ட வி பேண்ட் குடுக்கறதவிட, தடிமனான மூணு போல்ட் பிளேஞ்சும் ஒரு கேஸ்கெட்டும் ரொம்பப் பாதுகாப்பு.

பிளேஞ்ச் எடுக்கறப்ப

தட்டை பிளேஞ்ச்ல மொதல்ல பாக்க வேண்டியது தடிமன். 8 மி.மீ.லேர்ந்து 10 மி.மீ. வரைக்கும் இருக்கணும். 5, 6 மி.மீ. தகட்டுல வெட்டி விக்கறாங்க, வெல்டு வெச்சதுமே முகம் பொங்கி வளைஞ்சுரும், ரெண்டு போல்ட் பிளேஞ்ச்னா இன்னும் மோசம், போல்ட்டு இருக்கற ரெண்டு முனையும் இறுகும், நடுவுல மேலயும் கீழயும் வாய் திறந்து அங்கிருந்து பொகை தப்பும். மூணு போல்ட்னா அழுத்தம் சுத்திலும் பரவும், ரெண்டு இன்ச்சுக்கு மேல போற எல்லா பைப்புக்கும் நான் மூணுதான் சொல்லுவேன். ரெண்டு போல்ட் போட்டே ஆகணும்னா, எடம் அப்படின்னா, 10 மி.மீ.க்குக் கொறையாதீங்க. ரெடிமேடா கெடைக்கலன்னா கவலப்பட வேணாம், கோயமுத்தூர்ல லேசர் கட்டிங் பண்றவங்க நெறைய இருக்காங்க, பழைய பிளேஞ்ச ஒண்ண மாதிரிக்குக் கொண்டுபோனா அதே ஓட்டை எடவெளில வெட்டித் தருவாங்க, உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல தேடுனா கம்பெனி பிளேஞ்சோட அறுத்த பைப் துண்டே கெடைக்கும், அத வாங்கி புது லைன்ல ஒட்டிக்கறது மெனிபோல்டு பக்கத்துக்கு ரொம்ப வசதி, ஓட்டை கச்சிதமாப் பொருந்தும்.

கேஸ்கெட்டுக்கு கிராஃபைட் பூசின மெட்டல் கேஸ்கெட், இல்ல பல தகடு அடுக்குன ஸ்டீல் கேஸ்கெட், இல்ல செம்பு. அட்டைப் பேக்கிங் ஷீட்ட வெட்டிப் போடறது பின்னாடி ஓரளவு நிக்கும், முன்னாடி ஒரு மலை ஏறுனதும் கருகிரும். கேஸ்கெட்டோட ஓட்டை பைப் உள்விட்டத்தவிட சின்னதா இருக்கக்கூடாது. செவப்பு சிலிக்கான் பேஸ்ட் 300 டிகிரி சொச்சம்தான் தாங்கும், மெனிபோல்டுலயோ வி பேண்ட்லயோ அதத் தடவாதீங்க, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி தடவுனா அந்த ஆவி சென்சாரையே கெடுத்துரும்.

அடுத்தது பந்து ஜாயின்ட், நம்ம மெக்கானிக்குங்க டோனட் பேக்கிங்னு சொல்றது. மாருதி ஸ்விஃப்ட் மாதிரி முன் சக்கர டிரைவ் வண்டிங்கள்ல பாத்திருப்பீங்க, உருண்டையான ஒரு வளையம், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் மாட்டுன போல்ட்டு. இன்ஜின் குறுக்க படுத்திருக்கற வண்டில ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்த இது தோள்பட்டை மூட்டு மாதிரி வாங்கிக்கும். ஸ்பிரிங் இருக்கறது எதுக்குன்னா அழுத்தமும் இருக்கணும், அசையவும் செய்யணும். அத எடுத்துட்டு சாதா போல்ட்டப் போட்டு இறுக்கறாங்க பாருங்க, அது வேணவே வேணாம், ஆட்டம் எல்லாம் மெனிபோல்டுக்குப் போயி அங்க கிராக் விடும். பந்து ஜாயின்ட்ட எடுத்தே ஆகணும்னா அந்த எடத்துல கம்பிப் பின்னல் போட்ட, வளைஞ்சு குடுக்கற ஒரு ஃபிளெக்ஸ் பைப் வெச்சு அதுக்கு ரெண்டு பக்கமும் தட்டை பிளேஞ்சோ வி பேண்டோ போடுங்க. வால்பாறை எஸ்டேட் பக்கம் ஓடற ஜீப் மாதிரி இன்ஜின் நீளவாக்குல இருக்கற வண்டில முன்பின் ஆட்டம் கம்மி, பக்கவாட்டுல முறுக்குறதுதான் அதிகம், அங்கயும் ஒரு ஃபிளெக்ஸ் இருந்தா நல்லதுதான்.

நட்டு போல்ட்ட சாதாரணமா நெனைக்காதீங்க. 8.8 இல்ல 10.9 கிரேடு (போல்ட்டு எவ்வளவு பலம்னு சொல்ற எண்) எடுங்க, எம்8 இல்ல எம்10, அதாவது 8 மி.மீ. இல்ல 10 மி.மீ. போல்ட்டு. நைலான் வெச்ச லாக் நட்டு வேணாம், அந்த நைலான் 120 டிகிரி பக்கமே முடிஞ்சுரும், முழுசா மெட்டல்லயே லாக் ஆகற நட்டு, இல்ல செம்பு பூசின நட்டு கேளுங்க. எஸ்எஸ் போல்ட்டுக்கு எஸ்எஸ் நட்டுன்னா ஏத்தறப்பயே உரசிப் பிடிச்சு நடுவுல நின்னுரும், நிக்கல் ஆன்டி சீஸ் (மரை பிடிச்சுக்காம இருக்கத் தடவற பேஸ்ட்) தடவிட்டு கையால மெதுவா ஏத்துங்க, ஏர் கன் வெச்சு அடிக்காதீங்க. எம்எஸ் போல்ட்டுக்கும் செம்பு ஆன்டி சீஸ் தடவறது நம்ம ஊர் மழைக்குக் கட்டாயம்.

எந்த எடத்துல எது

இப்ப அந்தப் பேப்பர எடுங்க. மெனிபோல்டுலேர்ந்து வர்ற மொதல் ஜாயின்ட், கம்பெனி எது வெச்சிருக்கோ அதையே வெச்சுக்கோங்க, பந்துன்னா பந்து, தட்டைன்னா தட்டை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி பின்னாடி மூணு போல்ட் பிளேஞ்ச், நல்ல வெல்டர் இருந்தா வி பேண்ட். சென்சாருக்கு முன்னாடி வர்ற எந்த ஜாயின்ட்லயும் சமரசமே வேணாம், ஏன்னா அங்க லீக் இருந்தா பொகை வெளிய வர்றது மட்டும் இல்ல, கேஸ் துடிப்பு துடிப்பா போறப்ப வெளிக் காத்தையும் உள்ள இழுக்கும், சென்சார் அந்த ஆக்சிஜனப் பாத்துட்டு பெட்ரோல் பத்தலன்னு நெனைச்சுக்கும், இசியு (இன்ஜினக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) இன்னும் பெட்ரோல ஊத்தும். மைலேஜ் கொறைஞ்சு செக் இன்ஜின் லைட் எரியுதுன்னு சென்சார மாத்திக்கிட்டே இருப்பாங்க, தப்பு பிளேஞ்ச்ல இருக்கும். நடுவுல ஆக்ஸிலுக்கு முன்ன பேண்ட் கிளாம்ப் போதும், ஆக்ஸிலுக்குப் பின்னாடி மஃப்ளருக்கும் அதுவே, கடைசி டெயில் பைப்புக்கு வேணா யூ போல்ட். ஸ்லிப் ஜாயின்ட் எங்க போட்டாலும் இன்ஜின் பக்கத்துப் பைப் உள்ள போகணும், பின் பைப் வெளிய வரணும், அப்பதான் ரெண்டு பைப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கேஸ் வர்ற தெசையப் பாத்து வாய் திறந்து நிக்காது. ஒண்ணரை ரெண்டு இன்ச்சு உள்ள ஏறியிருக்கணும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ஒரு அடிக்குள்ள ஒரு ஹேங்கர் இருந்தா பைப்போட வெயிட்ட ஹேங்கர் சுமக்கும், கிளாம்ப் சுமக்க வேண்டியிருக்காது.

வெல்டிங் பட்டறையில நின்னு பாருங்க

வெல்டர் வேலைய அவர் பாத்துக்குவாரு, ஆனா சில விஷயத்த மொதல்லயே கேட்டுச் சொல்லிக்கோங்க, "மாஸ்டர், பிளேஞ்ச் ரெண்டையும் சேத்து போல்ட்டப் போட்டுட்டே வெல்டு வைங்க"ன்னா அவருக்கே புரியும். வி பேண்டுன்னா கிளாம்ப்ப மாட்டி இறுக்கி வெச்சுட்டு நாலு எதிரெதிர் எடத்துல டேக் (சின்னப் பொட்டு வெல்டு) போட்டுட்டு, கால்வாசி கால்வாசியா மாத்தி மாத்தி, ஆற விட்டு ஆற விட்டு அடிக்கணும், ஒரே மூச்சுல ஒரு சுத்து சுத்துனா வளையும். டேக் போடறதுக்கு முன்னாடி வண்டிலயே மாட்டிப் பாத்து கோணத்த மார்க்கர்ல குறிச்சுக்கோங்க, டி போல்ட்டுக்கு ஸ்பேனர் எந்தப் பக்கமிருந்து போகும்னும் அப்பவே பாக்கணும். தட்டை பிளேஞ்ச்ல பைப்ப முகத்தோட சமமா விடாம 2 மி.மீ. உள்ள தள்ளி வெச்சு உட்பக்கமா வெல்டு வெச்சா, அப்பறம் முகத்த தட்டையாத் தேச்சுக்கலாம். ஒரு கண்ணாடி மேல எமரி ஷீட்ட விரிச்சு பிளேஞ்ச அதுல தேச்சுப் பாருங்க, எங்க பளபளக்குது எங்க கருப்பா நிக்குதுன்னு பாத்தா வளைவு தெரிஞ்சுரும். 304 பைப்புன்னா உள்பக்கமும் ஆர்கான் விடணும், இல்லன்னா உள்ள கருப்பா சக்கரைப் பாகு பொரிஞ்ச கணக்கா நிக்கும், அந்த எடம் பலம் இருக்காது.

வண்டிலயே வெச்சு வெல்டு அடிக்கறாங்கன்னா பேட்டரி நெகட்டிவ் ஒயர கழட்டிருங்க. பைப்ப பிரேக் கிளீனர்ல தொடைச்ச கையோட வெல்டு வைக்கக்கூடாது, குளோரின் கலந்த கிளீனர்னா விஷ வாயு வரும், அசிட்டோன்ல தொடைச்சு நல்லா காய விடுங்க. பெட்ரோல் டேங்க் பக்கத்துல எதுவும் அடிக்க வேணாம், கழட்டி வெளிய வெச்சு அடிங்க.

மாட்டறது

மெனிபோல்டுலேர்ந்து பின்னால நோக்கி எல்லாத்தையும் லூஸா மாட்டிட்டு வாங்க. எல்லா ஹேங்கரும் ரப்பர்ல ஏறுன பின்னாடி, பைப் எங்கயும் பாடியத் தொடலன்னு கையால ஆட்டிப் பாத்துட்டு, பிரேக் லைன், பெட்ரோல் லைன் பக்கத்துல நல்ல எடைவெளி இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் முன்னாடியிருந்து இறுக்குங்க. பிளேஞ்ச் போல்ட்ட ஒண்ண முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. எம்8 8.8 போல்ட்டுன்னா 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், ஆன்டி சீஸ் தடவியிருந்தா அதவிடக் கொஞ்சம் கம்மி. கிளாம்ப்புக்கு அந்தந்த பாக்கெட்ல போட்டிருக்கறத பாருங்க. வி பேண்ட இறுக்கறப்ப ரப்பர் சுத்தியலால வட்டத்தச் சுத்தி லேசா தட்டிட்டே இறுக்குனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உக்காரும். லீக் நிக்கலன்னு மேல மேல இறுக்காதீங்க, டி போல்ட் அத்துப்போகும், லீக்குக்குக் காரணம் வேற எடத்துல இருக்கும்.

லீக் பாக்கறது

வண்டி குளிர்ந்திருக்கறப்பவே, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டெயில் பைப்ல காத்து ஊதற புளோயர வெச்சு அதச் சுத்தியிருக்கற இடைவெளிய துணியால அடைச்சு, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தெளிங்க, நொரை பொங்குனா லீக். இதுல கை சுடாது, பொகையும் கெடையாது, நிதானமாப் பாக்கலாம். அதுக்கப்பறம் திறந்த வெளியில ஸ்டார்ட் பண்ணி, டெயில் பைப்ப கனமான ஈரத் துணியால சில விநாடி மட்டும் பொத்துனா லீக் எங்க இருக்கோ அங்க சீறும். ரெண்டு மூணு நாள் ஓட்டுன பின்னாடி ஜாயின்ட் பக்கம் கருப்பா பொகைக் கரி கோடு விழுந்திருந்தா அதுவும் லீக்தான்.

இதுல அலட்சியமே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் இல்ல மணமும் இல்ல, நாத்தம் வரலைங்கறதால லீக் இல்லன்னு ஆகாது. கண்ணாடிய ஏத்தி ஏசி போட்டுட்டு பின்சீட்டுல கொழந்தைங்க தூங்கிட்டு வர்ற வண்டி அது. மூடுன ஷெட்டுக்குள்ள இன்ஜின ஓட விட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, ஓட்டறப்ப தலவலி, மயக்கம்னு யாராவது சொன்னா வண்டிய நிறுத்தி எல்லாரையும் எறக்கி வெளிக்காத்துக்குக் கொண்டு வந்துட்டு அப்பறம் லைனப் பாருங்க.

மொதல் தடவ நல்லா சூடாகி ஆறுன பின்னாடி எல்லா நட்டையும் மறுபடி ஒரு தடவ இறுக்கணும், சூட்டுல கேஸ்கெட் அமுங்கி பட்டை விரிஞ்சு கொஞ்சம் தளரும். சூடா இருக்கறப்ப இல்ல, முழுசா ஆறுனப்பறம். ஆழியார்லேர்ந்து வால்பாறைக்கு அந்த நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி எறங்குனா இன்ஜின் ஆட்டம், சூடு, பள்ளம் மேடு எல்லாம் ஒரே ஓட்டத்துல கெடைச்சுரும், அப்படி ஒரு நீள ஓட்டம் முடிச்சுட்டு வந்து அடியில படுத்துப் பாருங்க. அப்பறம் வருசத்துக்கு ரெண்டு தடவ, இடவப்பாதி மழைக்கு (ஜூன்ல ஆரம்பிக்கற தென்மேற்குப் பருவமழை) முன்ன ஒண்ணு, ஐப்பசி மழை முடிஞ்சதும் ஒண்ணு, ஹேங்கர் ரப்பர் வெடிச்சிருக்கான்னும் போல்ட்டுல துரு ஏறியிருக்கான்னும் பாத்து ஆன்டி சீஸ் மறுபடி தடவி விடுங்க. டிக்கில ஒரு பழைய டப்பால உங்க பைப் அளவுக்கு ஒரு பேண்ட் கிளாம்ப், ரெண்டு மெட்டல் லாக் நட்டு, ஒரு ஹேங்கர் ரப்பர், 13, 17 ஸ்பேனர் போட்டு வெச்சுக்கோங்க, வண்டித்தாவளம் ரோட்டுல ராத்திரி பைப் எறங்கிட்டாலும் சொந்தமா மாட்டிட்டு வீடு வந்து சேந்துரலாம்.